பல்லி யாருக்குச் சொன்னது

மரகதம் இல்லத்தில் ஒரு குழந்தையைக் கடைசியாக அமுக்கிப் பிடித்து இருநூற்றுப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

சமையலறை வாசலில் ஒரு கரும்பலகை. காலையில் யார் முதலில் எழுந்து வருகிறார்களோ அவர்கள் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதலாம். இந்தப் பதவிக்காகச் சேவலுக்கு முன்னால் எழுகிறவர்கள் இருந்தார்கள். பத்து வயதுக் குமரேசு ஒருமுறை மறுநாள் எண்ணை முந்தின நாளே எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டான். அந்த வழக்கு இரண்டு நாள் நடந்தது. நூறாம் நாளுக்குக் கேசரி கிண்டினார்கள். இருநூறாம் நாளுக்குக் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும். முன்னூறுக்கு என்ன என்பதில் பதினான்கு குழந்தைகளுக்கும் பதினைந்து கருத்து.

ஆனைமலை அடிவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது இல்லம். மற்ற இல்லங்கள் கைகழுவிய குழந்தைகள் இங்கே வந்து சேர்வார்கள். அடி வாங்கியவர்கள், பூட்டி வைக்கப்பட்டவர்கள், பார்க்கக் கூடாததைப் பார்த்தவர்கள். ஏதோ ஒரு சத்தம், ஏதோ ஒரு வாசனை போதும். தட்டு பறக்கும், ஜன்னல் உடையும். முன்பெல்லாம் உடனே இரண்டு பெரியவர்கள் ஓடி வந்து குழந்தையைக் குப்புறப் போட்டு, கை கால் அசையாமல் அமுக்குவார்கள். விதிப் புத்தகத்தில் அதற்குப் பாதுகாப்புப் பிடி என்று பெயர். குழந்தைகள் வைத்த பெயர் வறட்டி தட்டுவது.

கோகிலவாணி கண்காணிப்பாளராக வந்ததும் செய்த முதல் வேலை, ஒவ்வோர் அறையிலும், தாழ்வாரத்திலும், குழாயடியிலும் ஒரு பல்லியைப் பொருத்தியதுதான்.

அதைப் பற்றி இசக்கிக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு மருதாசலத்துக்கு வந்தது. இசக்கிக்குப் பதினொரு வயது. தூத்துக்குடிப் பக்கம். மூன்று இல்லங்கள் மாறி வந்தவள். கடைசி இல்லத்தில் தன்னை அமுக்க வந்த ஆயாவின் கையை முறித்துவிட்டாள் என்று அவளுக்கு முன்பே சேதி வந்து சேர்ந்திருந்தது. ஓட்டுநர் இல்லாத அரசு வேன் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனதும், அவள் யாரையும் பார்க்காமல் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து, நீள மேசைக்கு அடியில் புகுந்து உட்கார்ந்துகொண்டாள்.

மருதாசலம் ஆறடி ஆள். ஒரு காலத்தில் மாவட்ட அணியில் கபடி ஆடியவர். அந்தக் கைகளுக்காகவே இல்லத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவர். மேசையிலிருந்து பத்தடி தள்ளி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோகிலவாணி கதவருகே நின்றாள். மற்ற குழந்தைகள் மேசையில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலடியில் ஒருத்தி இருப்பது அவர்களுக்கு அதிசயமாக இல்லை. அந்த இடத்தில் உட்காராமல் யாரும் இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

“அம்மிணி, அங்க கொசு கடிக்குமுங்க,” என்றார் மருதாசலம்.

“அம்மிணி இல்ல. எம் பேரு இசக்கி.”

“சரிங்க இசக்கி.”

“எனக்கு எதுக்கு ‘ங்க’ போடுதிய?”

“எங்கூர்ல ஆட்டுக்குட்டிக்கே போடுவமுங்க.”

மேசைக்கு அடியிலிருந்து தும்மல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

அப்போது சுவரின் மேல் மூலையிலிருந்து ‘ச்ச், ச்ச், ச்ச்’ என்று கேட்டது. பதினான்கு குழந்தைகளும் உப்புமாவை விட்டுவிட்டுக் குனிந்து, விரல் நுனியால் தரையில் மூன்று முறை தட்டினார்கள். மருதாசலமும் தட்டினார். கோகிலவாணியும் குனிந்து தட்டினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு சாப்பாடு தொடர்ந்தது.

“அது என்னது?” என்றாள் இசக்கி.

“பல்லி சொல்லுதுங்க.”

“அது டப்பால்லா?”

“டப்பாதானுங்க. ஆனா நம்ம நெஞ்சு அடிக்கறது அதுக்குக் கேக்கும். ஓடியாந்து மூச்சு வாங்கறது ஒரு தினுசு, பயந்து மூச்சு வாங்கறது ஒரு தினுசு. ரெண்டையும் பிரிச்சுப் போடும். இந்த அறையில யாருக்கோ பயம் ஏறுதுன்னா, தட்டு பறக்கறதுக்கு நாலு நிமிசம் முன்னாடியே சொல்லிப்போடும்.”

“யாருக்குன்னு சொல்லுமா?”

“சொல்லாதுங்க. சொல்லவே கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சிருக்காங்க. பேரு சொன்னா என்ன பண்ணுவம்? இவந்தான் கிறுக்கன்னு முத்திரை குத்திப்போடுவம். அதனால இங்க ஒரே சட்டம். பல்லி சொன்னா மூணு தட்டு. ஊர்ல நெசப் பல்லி சொன்னாத் தட்டற மாதிரி. கண்ணு தரையில இருக்கோணும், யாரையும் பாக்கக் கூடாது. பயந்தவங்க எந்திரிச்சு அவங்கவங்க மருந்தத் தேடிப் போயிருவாங்க.”

“கசக்குமா?”

“மருந்துன்னா அந்த மருந்து இல்லடி,” என்று மேலேயிருந்து குமரேசுவின் தலை தலைகீழாகத் தொங்கியது. “நான் மோட்டார் ரூமுக்குள்ள போயி மோட்டாரப் போட்டுட்டுக் கத்துவேன். வெளிய ஒண்ணும் கேக்காது. தென்னைக்குத் தண்ணியும் பாஞ்சிரும்.”

“அவன் பயந்தா எங்களுக்கு இளநி,” என்றது இன்னொரு குரல்.

இசக்கி மேசைக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினாள். அவள் பார்வை மருதாசலத்தைத் தாண்டிக் கதவுக்குப் போனது.

“பெரிய ஆளுவளுக்கு என்ன மருந்து?”

கோகிலவாணி சிரித்தாள். “பெரியவங்களுக்கு மருந்து எதுக்குக் கண்ணு?”

பல்லி மறுபடியும் சொன்னது. எல்லோரும் குனிந்தார்கள். கோகிலவாணியின் கண்ணும் தரையில் இருந்தது. அதனால் அந்த நேரத்தில் புதுப் பெண் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

இசக்கி பதினான்கு நாள் சோதனைக்கு வந்திருந்தாள். பதினைந்தாம் நாள் மாவட்டக் குழுவிலிருந்து ஹெப்சிபா மேடம் வந்து முடிவு சொல்வார். அவள் இருக்கிற அறைகளில் பல்லி அடிக்கடி சொன்னால், திறந்த வீடு இந்தக் குழந்தைக்கு ஒத்துவராது என்று அர்த்தம். அப்புறம் பூட்டிய இல்லம்தான். அங்கே பல்லி கிடையாது, மருந்தும் கிடையாது. வறட்டிதான்.

கோகிலவாணி அப்படி நடக்க விடுவதாக இல்லை. இசக்கியை ஒரு நிமிடம்கூடக் கண்பார்வையிலிருந்து விடக் கூடாது என்று தீர்மானித்தாள். இசக்கி சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தாள். பல் தேய்க்கும்போது குழாயடியில் நின்றாள். அரிவாள்மனையை எடுத்துப் பரணில் வைத்தாள். கண்ணாடித் தம்ளர்களை மாற்றினாள். கரும்பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று எண்ணைப் பார்த்தாள். தலையில் பானையைச் சுமந்து நடக்கிறவளுக்கு நூறு அடிவரை பானைதான் சுமை. அதற்குப் பிறகு ஒவ்வோர் அடியும் சுமை. கோகிலவாணி இதற்குக் கவனம் என்று பெயர் வைத்திருந்தாள்.

பல்லி சொல்லிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில், படிக்கிற அறையில், குழாயடியில். இசக்கி எங்கே போனாலும் அங்கே சொன்னது. இசக்கியோ ஒவ்வொரு வேளையும் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கினாள். குமரேசுக்குத் தன் ஊர்ப் பேச்சைக் கற்றுக் கொடுத்தாள். அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் “என்னத்துக்கு வாரிய, எங்கன போறிய” என்று கேட்டுக்கொண்டு திரிந்தான்.

“மூஞ்சியப் பாத்தா நல்லாத்தானுங்க இருக்கறா,” என்றார் மருதாசலம்.

“உள்ள இருக்கறது மூஞ்சில தெரியுமாங்க மருதண்ணா? பல்லிக்குத் தெரியுதே,” என்றாள் கோகிலவாணி.

மருதாசலம் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

இல்லத்தில் சாயங்காலம் தினமும் கபடி. அது ஊரில் ஆடுகிற கபடி இல்லை. பிடிபட்ட நினைவு இருக்கிற குழந்தைகள் என்பதால், மருதாசலம் ஒரு விதி சேர்த்திருந்தார். பாடி வருகிறவரைப் பிடிப்பதற்கு முன்னால், “புடிக்கலாமுங்களா?” என்று கேட்க வேண்டும். அவர் சரி என்றால் மட்டுமே பிடிக்கலாம். இதுவரை ஒருவரும் சரி என்று சொன்னதில்லை. அதனால் யாரும் பிடிபட்டதும் இல்லை. ஆட்டம் நூற்று நாற்பதுக்கு நூற்று முப்பத்தெட்டு என்கிற ரீதியில் போய், இருட்டினால்தான் முடியும். வேடிக்கை பார்க்க வருகிற பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர், “இது கபடி இல்லீங்க, கல்யாண விசாரணை,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் இசக்கி பாடிப் போனாள். எதிரணி வழக்கம்போல வளைத்து நின்றது. குமரேசு கடமைக்குக் கேட்டான்.

“புடிக்கலாமுங்களா?”

இசக்கி பாட்டை நிறுத்தாமல் ஒரு சுற்றுச் சுற்றினாள். எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

“சரி. புடிங்க.”

யாரும் நகரவில்லை. என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. “நெசமாவா?” என்று கேட்டான் குமரேசு. “ஏ, மூச்சு முட்டுதுல, சீக்கிரம் புடில,” என்றாள் இசக்கி. குமரேசு தயங்கித் தயங்கி அவள் இடுப்பைப் பிடித்தான். இன்னொருத்தி காலைப் பிடித்தாள். பிறகு ஏழு பேரும் ஒரேயடியாக விழுந்தார்கள். புழுதிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் இசக்கியின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. கரகரவென்று, நாள்பட்ட கிணற்றுக் கப்பி சுற்றுவது போல. மருதாசலம் வாயில் வைத்த விசிலை ஊத மறந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

தாழ்வாரத்தில் கோகிலவாணி மட்டும் நின்றிருந்தாள். அவள் தலைக்கு மேலே பல்லி சொன்னது. விடாமல் சொன்னது.

அவள் மைதானத்துக்கு ஓடினாள். ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி விலக்கினாள். “போதும், போதும், எந்திரிங்க. அவ பயந்துட்டா. பல்லி சொல்லுது, கேக்கலியா?”

இசக்கி தலை நிறையப் புழுதியோடு எழுந்து உட்கார்ந்தாள். “நல்லா இருந்துச்சுல்லா. ஏன் கலைச்சிய?” என்றாள். பிறகு விருட்டென்று எழுந்து, பின்கதவைத் திறந்துகொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள்.

கோகிலவாணி பின்னாலேயே ஓடினாள். வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இசக்கி கரை விளிம்பில் நின்றாள். கோகிலவாணி எட்டினால் அவள் தோள் கைக்கு வரும். கை பாதி தூரம் எழும்பியும் விட்டது. அதை அவள் இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

இசக்கி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். “புடிக்கணும்னா கேளுங்க. மருது மாமா சொல்லித் தந்திருக்காவல்லா.”

“புடிக்கலாமா கண்ணு?”

“வேண்டாம். தண்ணி பாக்கத்தான் வந்தேன். எங்கூருல கடல் உண்டு. இங்க இதுதான இருக்கு.” காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “நீங்களும் உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா எனக்குக் கழுத்து வலிக்கி.”

கோகிலவாணி உட்கார்ந்தாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. ஒரு தேங்காய் மட்டை மிதந்து வந்து, அவர்கள் காலில் இடித்து, வழி கேட்பது போல நின்று, பிறகு போயிற்று.

இசக்கி குனிந்தாள். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, கரை மண்ணில் விரலால் மெல்ல மூன்று முறை தட்டினாள்.

“இங்கதான் பல்லி இல்லியே கண்ணு.”

“சொல்லாட்டாலும் தட்டலாம்லா.”

தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்கிறாள் என்று கோகிலவாணி நினைத்தாள். இவளை எப்படியாவது இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

பதினைந்தாம் நாள் ஹெப்சிபா மேடம் வந்தார். மெலிந்த, நிதானமான பெண்மணி. குமரேசு கொண்டுவந்த மோரை மிச்சம் வைக்காமல் குடித்தார். “எங்கன இருந்து வாரிய?” என்று அவன் கேட்டதற்கு, “பொள்ளாச்சில இருந்துப்பா,” என்று சிரிக்காமல் பதில் சொன்னார். அலுவலக அறையில் கோகிலவாணி, மருதாசலம், இசக்கி மூவரும் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

“நான் சுத்தி வளைக்கல,” என்றார் ஹெப்சிபா. “இவ வரதுக்கு முந்தி, இந்த வீடு முழுக்க வாரத்துக்கு ரெண்டு மூணு தடவதான் பல்லி சொல்லியிருக்கு. இவ வந்த ரெண்டு வாரத்துல அறுபத்து நாலு. எல்லாமே இவ இருந்த இடத்துல.”

“அவ யாரையும் அடிக்கலைங்க. ஒரு தம்ளர்கூட உடையலைங்க,” என்றாள் கோகிலவாணி.

“அதான் எனக்கு இன்னும் கவலையா இருக்கு. இவ்வளவு பயத்த உள்ளயே வச்சிருக்கா. ஒருநாள் வெடிக்கும். அப்ப நீங்க பிடிக்க மாட்டீங்க, இவளும் நிக்க மாட்டா.” இசக்கியின் பக்கம் திரும்பினார். “உனக்கு இங்க இருக்க ஆசையா?”

“ஆமா.”

“இங்க எதப் பாத்தா பயமா இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப பல்லி பொய் சொல்லுதா?”

“பல்லி பொய் சொல்லாது.”

“அப்படின்னா?”

இசக்கி தன் கால் விரல்களைப் பார்த்தாள். “பல்லி சொன்னா யாரையும் பாக்கக் கூடாதுன்னு சட்டம். நான் வந்த அன்னிக்கே பாத்துட்டேன். எனக்குப் பாக்காம இருக்க வராது. யாரு எப்பம் அடிப்பாவன்னு பாத்துப் பாத்தே பழகிட்டு. ஆனா சொல்லக் கூடாதுல்லா. சொன்னா முத்திரை குத்துவாவ.”

“சொல்லாம இருந்தா உன்ன அனுப்ப வேண்டி வருமே.”

“சரி,” என்றாள் இசக்கி. அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “அப்பவும் சொல்ல மாட்டேன்.”

ஹெப்சிபா பெருமூச்சு விட்டார். “நீ போயி வெளையாடு. நாங்க பேசிட்டுக் கூப்பிடறோம்.”

இசக்கி எழுந்து போனாள். ஜன்னலுக்கு வெளியே குமரேசு யாரிடமோ நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் கபடிப் பாட்டு கேட்டது. இசக்கியின் குரல்தான். ஒரே மூச்சில், நடுங்காமல், மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போயிற்று.

“வாணி, எனக்கு வேற வழி இல்லம்மா,” என்றார் ஹெப்சிபா.

அப்போது அலுவலக அறையின் மூலையிலிருந்து பல்லி சொன்னது.

மருதாசலம் நாற்காலியிலிருந்து குனிந்து, தன் பெரிய விரலால் தரையில் மூன்று முறை தட்டினார். நிமிரவில்லை.

ஹெப்சிபா ஜன்னலைப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். “குழந்தை வெளிய இருக்கா. இங்க நாம மூணு பேருதான இருக்கோம். இது யாருக்குச் சொல்லுது?”

“பாக்கக் கூடாதுங்க மேடம்,” என்றார் மருதாசலம் தரையைப் பார்த்தபடி. “யாரா இருந்தாலும்.”

கோகிலவாணியும் தட்டுவதற்காகக் குனிந்தாள். விரல் வரவில்லை. முந்தானை நுனி ஐந்து விரல்களிலும் கயிறு போல முறுக்கிக் கிடந்தது. எப்போது முறுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. காதுக்குள் நெஞ்சு அடித்தது. இந்த அடி அவளுக்குப் புதிதில்லை. குழாயடியில், மேசைக்கு எதிரே, தாழ்வாரத்தில், வாய்க்கால் கரையில் எல்லாம் இதே அடிதான். ஒவ்வொரு முறையும் அதைக் கவனம் என்று நினைத்துக்கொண்டு அந்தக் குழந்தையின் பின்னாலேயே நடந்திருக்கிறாள்.

வாய்க்கால் கரையில் அந்த மூன்று தட்டு யாருக்கு என்று இப்போது புரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. இரண்டையும் நிறுத்த அவள் முயலவில்லை.

“மருதண்ணா, நிமிருங்க. மேடம், நீங்களும் பாருங்க. பரவால்லீங்க, என்னைப் பாருங்க,” என்றாள் கோகிலவாணி. “இத்தன நாளும் இந்த வீட்டுல பயந்துட்டு இருந்தது இசக்கி இல்லீங்க. நானுங்க.”